ஈர மண்ணுக்கும் சரிவு நிலத்துக்கும் எந்த மின்சாரப் புல்வெட்டி?

கொட்டகலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டு முன்புறத்தில் சமதளமாக ஏறத்தாழ நான்கு பேர்ச் புல்தரை இருக்கிறது. அதற்குக் கீழே கல்கட்டோடு ஒட்டிய சிறு சரிவு ஒன்றும் இருக்கிறது. கூலிக்கு ஆள் பிடித்து வெட்டுவது கட்டுப்படியாகவில்லை. பெற்றோல் இயந்திரத்தை இழுத்து ஸ்டார்ட் செய்யத் தோள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே மின்சார இயந்திரம் வாங்க விரும்புகிறார். வயர் உள்ளதா, பற்றரி உள்ளதா, எத்தனை வொட், கண்டி வீதியில் ஜப்பானியப் பழைய பொருட்கள் விற்கும் கடையில் குறைந்த விலைக்குக் கண்ட இயந்திரத்தை நம்பலாமா, தோகாவில் வேலை செய்யும் மருமகன் தைப்பொங்கலுக்கு வரும்போது அங்கிருந்து கொண்டுவரச் சொல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சமதளப் பகுதிக்கு வயரில் இயங்கும், 32 முதல் 34 சென்ரிமீற்றர் வெட்டும் அகலமுள்ள, 1200 முதல் 1400 வொட் வரையிலான, அடிப்பெட்டி பிளாஸ்டிக்கால் ஆன சுழல்கத்தி இயந்திரமே பொருத்தமானது. கீழ்ச்சரிவுக்கு அது வேண்டாம். கடைக்காரர் 1800 வொட் இயந்திரத்தைக் காட்டி, "இதுதான் பலமானது" என்று சொன்னால் மயங்காதீர்கள். வொட் என்பது இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தின் அளவே தவிர, அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கான அளவல்ல. மலையகத்தில் புல்வெட்டிகள் பெரும்பாலும் பலக்குறைவால் சாவதில்லை. ஈரத்தாலும், மெல்லிய வயராலும், ஐம்பது ரூபாய்ப் பிளாஸ்டிக் துண்டொன்று கிடைக்காததாலுமே சாகின்றன.

இயந்திரத்தைத் தெரிவதற்கு முன் புல்லைப் பாருங்கள். நம் பக்கத்து வீட்டு முற்றங்களில் அதிகம் காணப்படுவது கிக்குயூ புல். கிழக்கு ஆபிரிக்க மலைநாட்டுக்காரரான கிக்குயூ மக்களின் பெயரைத் தாங்கிய இந்தப் புல்லுக்கு நம் குளிரும் மழையும் சொந்த ஊர் மாதிரி. விரலால் கிளறிப் பாருங்கள்: மேலே இரண்டு அங்குலத்துக்குப் பச்சை, அதற்குக் கீழே பஞ்சுமெத்தை போலப் பின்னிக் கிடக்கும் பழுப்புத் தண்டு. இந்த மெத்தையின் மீது கனமான இயந்திரத்தை ஏற்றினால் சக்கரம் அமிழ்ந்து, கத்தி பச்சையை விட்டுத் தண்டையே சீவிவிடும். தரை பழுப்பாக மொட்டையடித்தது போலாகும். ஆகவே ஏழெட்டுக் கிலோ எடையுள்ள, பின்சக்கரம் அகலமான இயந்திரம் நல்லது. வெட்டும் உயரத்தை ஒரே நெம்பால் மாற்ற முடிவதும், அந்த உயரம் குறைந்தது ஐந்து சென்ரிமீற்றர் வரை ஏறுவதும் அவசியம். மூன்று வாரம் விட்டு வளர்ந்த புல்லை ஒரே மூச்சில் தாழ்வாக வெட்டக் கூடாது. ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றிலொரு பங்கை மட்டுமே எடுக்க வேண்டும். உங்களுடையது அகன்ற இலையுள்ள மலேசியன் புல்லாக இருந்தால் இவ்வளவு கவலை இல்லை; எந்த இயந்திரமும் அதை இலகுவாக வெட்டும்.

சரிவைப் பற்றி நீங்கள் ஓரிரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கிறீர்கள். ஆனால் ஆபத்து இருப்பது அங்கேதான். ஒரு மீற்றர் நீளமான நேரான பலகையை எடுத்து, அதன் ஒரு முனையைச் சரிவின் மேற்புறத்தில் வைத்து, மறுமுனையைக் கையால் தூக்கிப் பிடியுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய போத்தலைப் பலகை மீது படுக்க வைத்து, தண்ணீர் மட்டமாகும் வரை சரிசெய்யுங்கள். அந்த நிலையில் தூக்கிய முனையிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். அது 27 சென்ரிமீற்றராக இருந்தால் சரிவு 15 பாகை. தள்ளிச் செல்லும் புல்வெட்டிகள் பலவற்றின் கையேடுகள் குறிப்பிடும் எல்லை இதுதான். அதற்குட்பட்ட சரிவில் குறுக்காகவே நடந்து வெட்ட வேண்டும். மேலும் கீழுமாக நடந்தால், கால் வழுக்கும்போது ஒன்று நீங்கள் இயந்திரத்தின் மீது விழுவீர்கள், அல்லது இயந்திரம் உங்கள் கால் மீது வரும். கல்கட்டை ஒட்டிய சரிவுகள் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டியவை. அங்கே நைலோன் நூல் சுழலும் சிறிய ட்ரிமர் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் அரிவாள். காற்று மெத்தையில் மிதக்கும் புல்வெட்டியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது சரிவில் எத்திசையிலும் அசையும் என்பது உண்மைதான். ஆனால் கயிற்றில் கட்டி மேலிருந்து தொங்கவிட்டு வெட்டுகிற வழக்கத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் வயதில் அந்தச் சாகசம் வேண்டாம்.

இனி வயரா பற்றரியா என்ற கேள்வி. ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 25 சதுர மீற்றர். ஆக உங்கள் தரை 100 சதுர மீற்றர். 32 சென்ரிமீற்றர் அகல இயந்திரத்தை, ஒவ்வொரு வரிசையும் முந்தையதைச் சற்று மேவுமாறு தள்ளினால், மொத்தம் 350 மீற்றர் அளவில் நடக்க நேரும். திரும்புவது, கூடையைக் காலி செய்வது எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை. 1400 வொட் இயந்திரம் முழுப் பளுவில் இருபது நிமிடம் ஓடினாலும் அரை யூனிட்டுக்கு மேல் செலவாகாது. பற்றரிக்கு வேறு கணக்கு. வோல்ற் அளவை அம்பியர்-மணி அளவால் பெருக்கினால் அதில் உள்ள சக்தி தெரியும்: 36 வோல்ற், 4 அம்பியர்-மணி என்றால் 144 வொட்-மணி. ஈரமான கிக்குயூவில் மோட்டார் சராசரியாக 500 வொட் இழுத்தால் அது 17 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதாவது உங்கள் வேலை முடிவதற்குச் சற்று முன்னால். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நேரம் காய்ந்த, குட்டையான புல்லுக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விடயம்: ஒரு பெட்டியில் 36 வோல்ற் என்றும் மற்றொன்றில் 40 வோல்ற் மேக்ஸ் என்றும் போட்டிருந்தால் இரண்டாவது பெரியது என்று எண்ண வேண்டாம். இரண்டிலும் அதே பத்து வரிசை லித்தியம் கலங்கள்தான். ஒருவர் சராசரி வோல்ற்றைச் சொல்கிறார், மற்றவர் சார்ஜ் நிரம்பிய கணத்து வோல்ற்றைச் சொல்கிறார்.

பற்றரிக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களையும், பெற்றோல் வரிசைகளையும் நாம் யாரும் மறக்கவில்லை. சார்ஜ் செய்து வைத்த பற்றரி அப்படிப்பட்ட காலத்தில் கைகொடுக்கும். ஆனால் புல் வெட்ட ஒரு நாள் பொறுக்கலாம். நாலைந்து ஆண்டில் பற்றரி சோர்ந்த பின் புதியது வாங்கும் விலை, பெரும்பாலும் இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியை விழுங்கும். அதே பற்றரி பொருந்தும் துளைக்கும் மெஷினோ ட்ரிமரோ வீட்டில் ஏற்கெனவே இருந்தால் மட்டும் பற்றரிப் பக்கம் சாயலாம். அப்படி வாங்கினால் பற்றரியைக் கொட்டிலில் விடாமல் வீட்டுக்குள் வையுங்கள். லித்தியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்வது அதைக் கெடுக்கும். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும் காலைகளை நீங்கள் அறிவீர்கள்.

வயர் இயந்திரத்தில் நம்பகத்தன்மை என்பது பாதிக்கு மேல் வயரில்தான் இருக்கிறது. இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் எரிந்த மோட்டாருடன் என்னிடம் வந்தவர்களில் பலரிடம், "எக்ஸ்டென்ஷன் வயர் என்ன தடிப்பு?" என்று கேட்டபோது பதில் இருக்கவில்லை. 1300 வொட் இயந்திரம் ஐந்தரை அம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 0.75 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியுள்ள நாற்பது மீற்றர் வயரில் ஓட்டினால், வயரிலேயே பத்து வோல்ற்றுக்கு மேல் இழந்துவிடுவோம், 1.5 சதுர மில்லிமீற்றர் என்றால் இழப்பு அதில் பாதி. 230 வோல்ற் முழுதாக வரும் நகரத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மின்மாற்றியிலிருந்து தூரத்தில், இணைப்பின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் ஏற்கெனவே வோல்ற் குறைவு. அங்கே இந்த இழப்பும் சேரும்போது கத்தி மந்தமாகச் சுற்றும், புல் சிக்கும், மோட்டார் சூடேறும். எல்லோரும் சமைக்கும் மாலை நேரத்தில் வெட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சுருளில் வரும் வயரென்றால் முழுவதையும் அவிழ்த்துவிட்ட பிறகே இயந்திரத்தை இயக்க வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகும். நிறம் செம்மஞ்சளோ மஞ்சளோ ஆக இருக்கட்டும். பச்சை வயர் புல்லுக்குள் தெரியாது.

வெட்டத் தொடங்குவது எப்போதும் பிளக்குக்கு அருகிலிருந்து. பிறகு அதைவிட்டு விலகிப் போக வேண்டும். வயர் ஏற்கெனவே வெட்டிய பக்கத்தில், தோளுக்குப் பின்னால் கிடக்க வேண்டும். அப்படியும் ஒருநாள் கத்தி வயரைக் கடிக்கத்தான் செய்யும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றுவது, மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். அதிலுள்ள சோதனைப் பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள். உடனே விழாவிட்டால் அதை மாற்றாமல் புல்வெட்டி வாங்க வேண்டாம். பழைய குவாட்டர்ஸ் வீடுகள் சிலவற்றில் இன்னமும் கட்அவுட் பியூஸ் மட்டுமே இருக்கிறது. பியூஸ் வயரைக் காக்குமேயன்றி, ஈரத்தரையில் நிற்கும் ஆளைக் காக்காது.

அடுத்தது உதிரிப்பாகம். பத்தாண்டுகளுக்கு முன் நானே ஏமாந்த கதை இது. நல்ல பெயருள்ள ஒரு கடையில், ஓராண்டு உத்தரவாதத்தோடு ஒன்றை வாங்கினேன். எட்டாம் மாதத்தில், மறைந்திருந்த கல்லொன்றில் கத்தி மோதி, கத்தியைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடி உடைந்தது. உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டும்தான் என்றார்கள். அந்தப் பிடியைத் தருவிக்க முடியாது என்றும் சொன்னார்கள். மோட்டார் இன்றும் புதியது போல ஓடும். இயந்திரம் கொட்டிலில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டியது, "உத்தரவாதம் எத்தனை வருடம்?" என்பதல்ல. "இந்த மாதிரிக்குரிய கத்தி, கத்திப் பிடி, காபன் பிரஷ் மூன்றையும் இப்போது எடுத்து மேசையில் வையுங்கள், நான் சேர்த்தே வாங்குகிறேன்" என்று கேளுங்கள். காபன் பிரஷ் என்பது மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும், தேய்ந்துபோகும் சிறு கரித்துண்டு. எடுத்து வைத்தால் அந்த இயந்திரத்தை வாங்கலாம்; "கொழும்பிலிருந்து வரும்" என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பிரஷ் இல்லாத மோட்டார் நீண்டகாலம் உழைக்கும் என்பது சரியே. ஆனால் அதை இயக்கும் இலத்திரனியல் அட்டை ஈரத்தில் பழுதானால் நம் ஊரில் சீர்செய்பவர் அரிது. பிரஷ் மோட்டாரையோ பக்கத்து டவுனில் கொயில் கட்டுபவர் கூடப் பார்த்துவிடுவார்.

இரும்பு அடிப்பெட்டியை வேண்டாம் என்றதற்குக் காரணம் துரு மட்டுமே. வெட்டிய ஈரப்புல், கூடையில் அமுக்கிய கொழுந்து போல அடிப்பெட்டியின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, இயந்திரத்தைச் சரித்து, மரக்குச்சியாலும் பிரஷாலும் சுரண்டி எடுங்கள். குழாய்த் தண்ணீர் அடிக்கக் கூடாது. இவற்றில் பல, சாரலைக் கூடத் தாங்கும்படி அமைக்கப்பட்டவை அல்ல. தென்மேற்குப் பருவமழை வைகாசியிலிருந்து புரட்டாசி வரை உங்கள் பக்கத்தை விடாது என்பதால், காய்ந்த புல்லுக்காகக் காத்திருந்தால் இடுப்பளவு வளர்ந்துவிடும். காலைப்பனி உலர்ந்து, பிற்பகல் மழை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரையிலான இடைவெளியைப் பயன்படுத்துங்கள். காலில் செருப்பு வேண்டாம், பூட்ஸ் போடுங்கள். கத்திக்காக மட்டுமல்ல, அட்டைக்காகவும்.

ஜப்பானியப் பழைய இயந்திரத்துக்கு வருவோம். அதைக் கவிழ்த்து, ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். தகட்டில் 100 என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ற்றில் மாட்டிய சில நொடியிலேயே அது புகைந்துவிடும். பிளக்கை மாற்றிக் கொடுப்பதாகக் கடைக்காரர் சொன்னால், பிளக்கை மாற்றினால் வோல்ற் மாறாது என்பதை நினைவில் வையுங்கள். வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கலாம்தான். இயந்திரத்தின் முழு வொட்டையும் தாங்கும் ட்ரான்ஸ்போமர் அந்த இயந்திரத்தை விடக் கனமாகவும், அநேகமாக விலை கூடியதாகவும் இருக்கும்.

மருமகன் விடயத்தில் வோல்ற் சிக்கல் இல்லை. கட்டாரில் 240 வோல்ற், 50 ஹெர்ட்ஸ். பிளக்கும் நம் சதுரமுள் பிளக்கே. வயர் இயந்திரமென்றால் தாராளமாகக் கொண்டு வரலாம். இங்கே அந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு இரண்டு கத்தியும் ஒரு கத்திப் பிடியும் ஒரு சோடி காபன் பிரஷும் சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள். பற்றரி இயந்திரமென்றால் விமானத்தில் தடை வரும்: 100 வொட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரிக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், 160க்கு மேற்பட்டதைப் பயணப்பையில் கொண்டுவரவே முடியாது. மேலே கணக்கிட்ட 144 வொட்-மணிப் பற்றரிக்கு, ரிக்கட் எடுக்கும்போதே அவர் அனுமதி கேட்டுவைக்க வேண்டும்.