ஏழு ஆண்டுகள் கழித்துக் குடலை மீண்டும் இணைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. ஏழு ஆண்டுகளுக்கு முன் பெருங்குடலில் இருந்த ஒரு புடைப்பு வெடித்து, வயிற்றுக்குள் சீழ் பரவியதால் அவசரமாக அறுவை சிகிச்சை செய்து, இடது பக்கம் கொலாஸ்டமி (பெருங்குடலின் முனையை வயிற்றுச் சுவரில் திறந்து, மலம் பைக்குள் வரச் செய்வது) வைத்தார்கள். சில மாதங்களில் இணைத்துவிடலாம் என்றார்கள். பயத்தில் நான் போகவில்லை. பையோடு வாழப் பழகிவிட்டேன். இப்போது ஸ்டோமாவை, அதாவது அந்த வயிற்றுத் திறப்பைச் சுற்றி வயிறு புடைத்து வருகிறது. ஆசனவாய் வழியாக அவ்வப்போது சளி போன்று ஏதோ வெளியேறுகிறது. பிள்ளைகள் இணைத்துக்கொள்ளும்படி வற்புறுத்துகிறார்கள். இத்தனை காலம் கழித்து அது சாத்தியமா? நல்லதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சாத்தியமா என்பதைப் பரிசோதனைகள் சொல்லிவிடும், நல்லதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களுக்குச் செய்யப்பட்டது பெரும்பாலும் ஹார்ட்மன் அறுவை சிகிச்சையாக இருக்கும். பிரெஞ்சு மருத்துவர் ஆன்ரி ஹார்ட்மன் 1921இல் புற்றுநோய்க்காக விவரித்த முறை இது. கெட்டுப்போன குடற்பகுதியை நீக்கி, மேல் முனையை வயிற்றுச் சுவரில் திறந்து வைத்து, கீழே எஞ்சிய மலக்குடலின் வாயைத் தைத்து மூடிவிடுவார்கள். அந்த மலக்குடலும் ஆசனவாயின் சுருக்குத்தசையும் உங்களிடம் இன்னும் இருக்கும்வரை, ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது மட்டுமே இணைப்புக்குத் தடையாகாது. இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் கணிசமானோர் கடைசிவரை இணைத்துக்கொள்வதில்லை. ஆகவே அன்று போகாமல் இருந்ததற்காக வருந்த வேண்டாம்.

நீங்கள் சொல்லும் சளி, மூடிக்கிடக்கும் மலக்குடலின் உட்சவ்வு வழக்கம்போல் சுரப்பதுதான். மலத்தில் உள்ள நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உருவாகும் கொழுப்பு அமிலங்களே அந்தச் சவ்வுக்கு முக்கிய உணவு. மலம் வராத குடலுக்கு அந்த உணவு கிடைக்காததால், சவ்வு வீங்கிப் புண்ணாகி, சளியோடு சில சமயம் இரத்தமும் வரலாம். குடல் மீண்டும் இணைக்கப்பட்டால் இது பொதுவாகத் தானே ஆறிவிடும். ஆனாலும் இரத்தம் வந்தால் இதுதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். இணைக்கப்போவதில்லை என்றாலும் அந்த மலக்குடலை உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும்.

நீண்ட காலம் வேலையில்லாமல் கிடக்கும் மலக்குடல் சுருங்கி, விரியும் தன்மையை ஓரளவு இழந்துவிடும். அதனால் ஸ்டோமா வழியாகப் பெருங்குடலையும், ஆசனவாய் வழியாக மலக்குடலையும் உள்நோக்கியால் பார்ப்பார்கள். சாய மருந்தைச் செலுத்திப் படம் எடுத்து எஞ்சிய குடலின் நீளத்தையும் குறுகலையும் அளப்பார்கள். இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதுவது சுருக்குத்தசையின் வலிமையை. மருத்துவர் விரலால் சோதிக்கும்போது உங்களால் இறுக்கிப் பிடிக்க முடிகிறதா, தேவைப்பட்டால் அழுத்தமானி காட்டும் அளவு என்ன என்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டாம்.

அறுவை சிகிச்சையும் சிறியதன்று. முந்தைய சீழ்த்தொற்றால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரித்து, இடுப்புக்குழியின் ஆழத்தில் கிடக்கும் மலக்குடலைக் கண்டுபிடிப்பதற்கே வெகுநேரம் பிடிக்கலாம். பிறகு ஆசனவாய் வழியாக வட்டமான ஸ்டேப்ளர் கருவியை உள்ளே செலுத்தி இரு முனைகளையும் பிணைப்பார்கள். கருவி வெட்டியெடுத்த இரண்டு திசு வளையங்களும் அறுபடாமல் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதன்பின் இடுப்புக்குழியில் நீரை நிரப்பி, மலக்குடலுக்குள் காற்றைச் செலுத்தி, எங்காவது குமிழி கிளம்புகிறதா என்று கவனிப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் சிலருக்கு இணைப்பில் கசிவு ஏற்படுகிறது. அது உயிருக்கே ஆபத்தாகி, மறுபடியும் ஸ்டோமா வைக்க நேரலாம். இணைப்பைப் பாதுகாக்கச் சிறுகுடலில் தற்காலிக ஸ்டோமா வைப்பதும் உண்டு. ஆகவே பை இல்லாமல்தான் கண் விழிப்பேன் என்ற உறுதியோடு போகாதீர்கள். புகைபிடிப்பவராக இருந்தால் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

உறவினர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்க்காதது, இணைத்த பிறகு வரும் மாதங்களை. தொடக்கத்தில் ஒரே நாளில் பலமுறை மலம் கழிக்க நேரும். எழுந்து வந்த சில நிமிடங்களிலேயே மறுபடியும் போக வேண்டியிருக்கும், வாயுவா மலமா என்று பிரித்தறிய முடியாமல் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். பலருக்கு இது மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. மலக்குடலின் பெரும்பகுதி நீக்கப்பட்டவர்களுக்கும் இடுப்பில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு. உங்களுக்குப் புற்றுநோய் இல்லை, மலக்குடலும் அநேகமாக முழுமையாகவே இருக்கிறது என்பதால் உங்கள் நிலை அவர்களைவிட நம்பிக்கை தருவது. அறுவை சிகிச்சைக்குப் பல வாரங்களுக்கு முன்பே இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

ஸ்டோமாவைச் சுற்றிய புடைப்பு, குடலிறக்கமாக இருக்கலாம். இணைப்பின்போதே அதைச் சரிசெய்ய முடியும் என்பது இணைப்புக்குச் சாதகமான ஒரு வலுவான காரணம். ஆனால் புடைப்பில் கடும் வலி, வாந்தி, ஸ்டோமா வழியாக எதுவும் வெளிவராமை ஆகியவை சேர்ந்தால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பை உங்கள் தூக்கத்தையும் வேலையையும் நெருக்கமான உறவையும் கெடுக்கிறது என்றால், பரிசோதனைகள் சாதகமாக இருக்கும்போது இணைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். கழிப்பறைக்கு ஓடப்போவது அவர்களல்லர். இம்மாதிரி அறுவை சிகிச்சைகளை அடிக்கடி செய்யும் குடல் அறுவை நிபுணரிடம், உங்கள் பழைய அறுவைக் குறிப்புகளோடு செல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்குப் புற்றுநோயால் ஆசனவாயையும் சேர்த்து அகற்றிவிட்டார்கள். அவருக்கும் இணைக்க முடியுமா?

– வாசகி

பதில்: முடியாது, அம்மா. இணைப்பதற்கான கீழ்முனையே இல்லாததால் அவருடைய கொலாஸ்டமி நிரந்தரமானது. ஆனால் இடப்பக்கக் கொலாஸ்டமி உள்ள பலர், ஸ்டோமா வழியாக வெதுவெதுப்பான நீரைச் செலுத்திக் குடலைக் கழுவும் முறையைக் கற்றுக்கொண்டு, அடுத்த ஒரு நாளோ இரண்டு நாளோ மலம் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் பெரிய பைக்குப் பதிலாகச் சிறிய மூடியே போதுமானதாக இருக்கும். அவருடைய அறுவை நிபுணர் சம்மதித்தால், ஸ்டோமா செவிலியரிடம் நேரில் பழகிய பிறகு இதைத் தொடங்கலாம்.