ஓவனை மாற்றுமுன் ட்ரிப் சுவிட்ச் ஏன் விழுகிறது என்று பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மேலே நான்கு காஸ் அடுப்பும் கீழே கரண்ட் ஓவனும் உள்ள குக்கர் 16 வருடம் உழைத்தது. இப்போது ஓவனைப் போட்டால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. கதவும் இறுக்கமாக மூடுவதில்லை. வீட்டிலிருந்தே கேக் ஓடர் எடுக்கிறேன், ஓவன் இல்லாமல் முடியாது. எந்த பிராண்டை நம்பி வாங்கலாம்? கனடாவில் இருக்கும் தம்பி அங்கிருந்தே ஒன்று அனுப்புகிறேன் என்கிறார்.

பதில்: பிராண்டுக்குப் பிறகு வருகிறேன் அக்கா. அந்த ஓவன் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஓவன் எலிமென்ட் என்பது ஓர் இரும்புக் குழாய். நடுவில் சூடேறும் கம்பிச் சுருள், அதற்கும் குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஒக்சைட் என்ற வெள்ளைத் தூள். கரண்ட் வெளிக்குழாய்க்குப் போகாமல் தடுப்பது அந்தத் தூள்தான். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த ஓவனை நத்தாருக்கு முதல் நாள் போட்டதும் ட்ரிப் விழுகிறது என்று கடற்கரைப் பக்கத்து வீடுகளிலிருந்து டிசம்பரில் எனக்கு வரும் அழைப்புகளுக்குக் கணக்கில்லை. நீங்கள் அடிக்கடி பேக் பண்ணுவதால், ஈரத்தைவிட எலிமென்ட் எங்காவது வெடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். திருகியைக் கீழ்ச்சூட்டில் மட்டும் வைத்துப் பாருங்கள், பிறகு கிரில்லில் மட்டும். ஒன்றில் விழுந்து மற்றதில் விழாவிட்டால் கோளாறு அநேகமாக அந்த எலிமென்டில்தான் இருக்கும். தெரிந்த ஆள் மெகர் (கரண்ட் வெளியே கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உறுதியாகிவிடும். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராக வயர் இழுத்துத் தருகிறேன் என்று எந்த வயரிங் பாஸாவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த சுவிட்ச் காப்பது ஓவனை அல்ல, உங்களை.

எலிமென்டும் கதவு ரப்பரும் மட்டும்தான் பிழை என்றால் திருத்துங்கள் என்பேன். கதவுக் கீலும் தளர்ந்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டும் தாறுமாறாகி, உள்தகட்டில் துருவோட்டையும் விழுந்திருந்தால் காசைப் புதியதில் போடுவது புத்தி. தேர்மோஸ்டாட்டைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. சீனி 186 பாகை அளவில் உருகும். ஒரு கரண்டிச் சீனியைத் தகரத் தட்டில் போட்டு, ஓவனை 175இல் நன்றாகச் சூடாக்கி 15 நிமிடம் வையுங்கள், உருகக்கூடாது. 190க்கு ஏற்றி இன்னொரு 15 நிமிடம், உருகியே ஆக வேண்டும். இரண்டும் சரியென்றால் தேர்மோஸ்டாட்டை நம்பலாம்.

சரி, புதிதுதான் என்று முடிவெடுத்தால் கடைக்குப் போகுமுன் வீட்டு மீட்டரைப் பாருங்கள். ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) 30 அம்பியர் இணைப்பு என்றால் 230 வோல்டில் மொத்தமே 6.9 கிலோவாட். ஓவன் இரண்டரை, கேத்தல் இரண்டு, அறையில் ஏசி ஒன்று, குளியலறையில் ஹீட்டர் மூன்று எனக் கூட்டிப் பாருங்கள், விளிம்பைத் தாண்டிவிடும். மேலேயும் கரண்ட் அடுப்பு உள்ள கண்ணாடித்தட்டு குக்கர்கள் எல்லாவற்றையும் போட்டால் 8 முதல் 10 கிலோவாட் வரை இழுக்கும். ஷோரூமில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் வீட்டுக்குச் சரிவராது. ஓவனின் தகட்டில் 3 கிலோவாட்டுக்குக் கீழே எழுதியிருந்தால் 13 அம்பியர் சதுர பிளக்கில் ஓடும். அதற்கும் தனி லைன் வேண்டும். வயரிங் பாஸ்மார் 7/0.67 என்று சொல்கிற, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். பழைய 5 அம்பியர் வட்டப் பொயின்டில் அடப்டர் போட்டு ஓவன் ஓட்டிய வீடுகளில் உருகிப்போன பிளக்குகளைச் சேர்த்து வைத்திருந்தால் என்னிடம் இப்போது ஒரு பெட்டி நிறைய இருக்கும்.

மேலே காஸ், கீழே கரண்ட் என்ற பழைய ஏற்பாட்டை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். 2022இல் காஸ் வரிசையும் 13 மணி நேர மின்வெட்டும் ஒன்றாக வந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டாம், இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்று சோறாவது வெந்தது. காஸ் ஓவன் மின்வெட்டிலும் எரியும் என்பது உண்மை. முழுச்சுவாலையில் மணிக்கு சுமார் 200 கிராம் காஸ் போகும், 12.5 கிலோ சிலிண்டருக்கு அது பெரிய இழுப்பும் அல்ல. சிக்கல் வேறு இடத்தில். விலை குறைந்த காஸ் ஓவன்கள் பலவற்றில் தேர்மோஸ்டாட்டே கிடையாது, சுவாலையைக் கூட்டிக் குறைக்கும் திருகி மட்டும்தான். ரிச் கேக்கை 150இல் மணிக்கணக்காக வைக்கிற உங்களுக்கு அது ஒத்துவராது. அடி கருகி மேற்பக்கம் வெளுத்த கேக்கை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். காற்றாடியுள்ள கரண்ட் ஓவனை எடுங்கள். இரண்டு தட்டு ஒன்றாக வேகும், குறிப்பில் உள்ள சூட்டைவிட 20 பாகை குறைத்து வைத்தால் போதும்.

இனி பிராண்ட். வெளியே பத்துப் பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் உறுப்புகளைச் செய்பவர்கள் சிலரே. பர்னரையும் காஸ் திருகியையும் இத்தாலியின் சபாஃப் போன்ற கொம்பனிகள் பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கின்றன, தேர்மோஸ்டாட்டை ஜெர்மனியின் ஈ.ஜி.ஓ. செய்து கொடுக்கிறது. கடையில் பர்னர் மூடியைத் தூக்கி அடியில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று பாருங்கள். தெரிந்த பெயர் என்றால் பத்து வருடம் கழித்தும் பொருந்துகிற பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதைவிட முக்கியமாக ஒன்று செய்யுங்கள். விற்பவரை விட்டுவிட்டு, அந்தக் கடையின் சேர்விஸ் சென்டருக்கு நீங்களே போன் எடுத்து, இந்த மொடலுக்குக் கீழ் எலிமென்டும் கதவுக் கீலும் இன்றைக்கு ஸ்டொக்கில் உண்டா, என்ன விலை என்று கேளுங்கள். உடனே விலை சொன்னால் வாங்கலாம். “பார்த்துச் சொல்கிறோம்” என்றால் ஐந்து வருட உத்தரவாத அட்டை தந்தாலும் எனக்கு அந்த மொடல் வேண்டாம். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத குக்கரிலும் எனக்கு இதே தயக்கம்தான், அதன் தரத்தைப் பற்றி அல்ல.

தொடுதிரை, டிஜிட்டல் மணிக்கூடு எதுவும் வேண்டாம். அப்படிப்பட்ட பல ஓவன்களில் மின்வெட்டுக்குப் பிறகு மணிக்கூட்டைச் சரிசெய்யும்வரை சூடே ஏறாது. பழுதென்று கூப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய், ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காசு வாங்க வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறேன். இவற்றை இயக்கும் எலெக்ட்ரோனிக் போர்டு இருக்கிற இடம் பல்லிக்கும் கரப்பானுக்கும் கதகதப்பான வீடு. குறுக்கே ஒரு பல்லி விழுந்தால் போர்டு போச்சு, அதன் விலையைக் கேட்டால் பாதி ஓவனே வாங்கலாம் என்று தோன்றும். திருகி வைத்த ஓவன்தான் எங்கள் ஊருக்கு.

கைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். மேல்தட்டில் அது ஒட்டாவிட்டால் அநேகமாக 304 ரக ஸ்டீல், கடல் காற்றைத் தாங்கும். ஒட்டினால் 430 ரகமாக இருக்கலாம், சீக்கிரம் துருப்புள்ளி விழும். ஒவ்வொரு பர்னர் அருகிலும் இரண்டு முனை தெரிய வேண்டும். வெள்ளைப் பீங்கான் முனை பொறி தட்டுவது, மற்றது சுவாலை அணைந்தால் காஸை நிறுத்துவது. கடற்காற்றிலோ பால் பொங்கியோ அடுப்பு அணைகிற வீட்டில் இரண்டாவது இல்லாத குக்கரை வைக்காதீர்கள். ஆனால் அது குழாய்க் கசிவைத் தடுக்காது. 2021 கடைசியில் காஸ் கசிவும் வெடிப்புமாக நாடே பயந்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே புதுக் குக்கரோடு எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையுள்ள புதுக் குழாயும் ரெகுலேட்டரும் வாங்குங்கள், பழையதை மாட்டாதீர்கள். இருக்கும் இடத்தையும் அளங்கள், லிஃப்ட் கதவையும் சேர்த்து. 60 சென்டிமீட்டர் அகலம் உங்களுக்குப் போதும். 90 சென்டிமீட்டர் ஓவன் ஒரு தட்டுக் கேக்குக்கும் அவ்வளவு இடத்தையும் சூடாக்கும்.

தம்பியிடம் அன்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே சுவருக்கு வருவது நடுவில் நியூட்ரல் உள்ள இரட்டை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஓவன் எலிமென்டுக்கு 240, விளக்குக்கும் போர்டுக்கும் 120 என்று பிரித்து எடுப்பார்கள். நம் ஒற்றை 230இல் அந்த நடு நியூட்ரலே இல்லை, அதனால் 120ஐப் பிரித்து எடுக்க வழியில்லை. காஸ் குக்கர் என்றால் அங்கே குழாயில் வரும் இயற்கை வாயுவுக்கான பெரிய துளையுள்ள ஜெட்டுகளாக இருக்கும், நமது சிலிண்டரில் மாட்டினால் மஞ்சள் சுவாலை எழும்பிப் பாத்திரம் கரியாகும். தம்பி காசாக அனுப்பினால் பிரயோசனம்.

பில்லில் மொடல் எண்ணும் தொடர் எண்ணும் எழுதி வாங்குங்கள். கடை இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும், கொண்டுவந்தவர்கள் நிற்கும்போதே நான்கு பர்னரையும் கிரில்லையும் போட்டுப் பாருங்கள். அவர்கள் போனபின் ஜன்னலைத் திறந்துவிட்டு வெற்று ஓவனை 250இல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். எண்ணெய் வாடையோடு புகை வரும், பயப்பட வேண்டாம், தொழிற்சாலைப் பூச்சு எரிகிறது. இரண்டாம் முறையும் அதே அளவு புகை வந்தால் கேக்கை உள்ளே வைக்காமல் கடைக்குப் போன் எடுங்கள்.