கரம் போர்டில் ஒரு முற்றுகை

கேள்வி: எனக்கு 36 வயது. மனைவி, நாலு வயது மகள், அம்மா ஆகியோரோடு வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். 1/72 அளவுப் (நிஜ ஆளின் உயரத்தில் 72இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் சிப்பாய்களை ஒன்பது பெட்டி சேர்த்துவிட்டேன். அதில் ஐந்து நெப்போலியன் காலம், நாலு இரண்டாம் உலகப் போர். வர்ணம் பூசி முடித்தது இருபது பேர்கூட இல்லை. இவர்களை வைத்துப் பழைய சண்டைகளை மேசையில் ஆடிப் பார்க்க ஆசை. ஆனால் கொழும்பில் கூட்டாளி கிடைக்கவில்லை, வீட்டில் இடமும் இல்லை. அம்மப்பா மலையகத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது தோட்டத்துத் துரை கொடுத்த பழைய ஈயக் குதிரைவீரர்கள் சிலரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கலாமா? மனைவி இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்கிறார். அம்மா, “வீட்டுக்குள்ள ஆமிக்காரனை வைச்சிருக்கிறியா?” என்று கோபப்படுகிறார். எல்லாவற்றையும் விட்டுவிடவா?
க., கொழும்பு 6

பதில்: விட வேண்டாம், தம்பி. ஆனால் பத்தாவது பெட்டியை வாங்கவும் வேண்டாம்.

முதலில் அம்மா. அவருக்கு எத்தனை வயது, எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. இரும்புத் தொப்பியும் துவக்குமாக வாசலில் வந்து நின்றவர்களை நம் வீடுகளில் அவர் வயதுக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ‘இது வெறும் பிளாஸ்டிக், அம்மா’ என்று அவரிடம் வாதாடாதீர்கள். பிளாஸ்டிக் என்பது அவருக்கும் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த இரண்டாம் உலகப் போர்ப் பெட்டிகள் நாலையும் யாருக்காவது விற்றுவிடுவேன். ஜீப், இரும்புத் தொப்பி, இயந்திரத் துவக்கு என்று அதில் இருப்பதெல்லாம் அவர் கண்ணால் கண்டவை. முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஈட்டிக்காரன் அப்படி இல்லை. அவனும் வேண்டாம் என்று சொன்னால், ஹோலில் கண்ணாடி அலுமாரி போடும் எண்ணம் இருந்தால் அதை மறந்துவிட்டு உங்கள் அறைக்குள் பெட்டியில் மூடி வையுங்கள். இந்த விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சட்டம். நீங்கள் வெல்ல வேண்டிய சண்டை இது இல்லை.

மனைவியின் குற்றச்சாட்டுக்கு வருவோம். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நோய்க்கு ஓய்வெடுத்தபோது, மனைவியின் மகன் லொயிட்டோடு மேல்மாடித் தரையில் தகரச் சிப்பாய்களை வைத்து நாள்கணக்கில் சண்டை போட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1824இல் பிரஷ்யப் படை, ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வகுத்த வரைபடப் போர் விளையாட்டைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கே எடுத்துக்கொண்டது. ஆகவே சின்னப்பிள்ளைத்தனம் என்ற வாதம் நிற்காது. ஆனால் உங்கள் மனைவி சொல்ல வருவது அதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம். ஒன்பது பெட்டி வாங்கி இருபது பேரைக்கூட முடிக்காத மனிதனைப் பார்த்தால் எனக்கும் அவர் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது. பெட்டிக்கு 40 பேர் என்று வைத்தாலும், உங்களிடம் 300க்கு மேற்பட்ட ஆட்கள் பூசாமல் கிடக்கிறார்கள். நீங்கள் சேகரிப்பவர் இல்லை, தம்பி. சேகரிப்பவர் என்றால் எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டுச் சீருடை என்று தேடித் தேடி எடுப்பார், எடுத்ததை முடித்து அடுக்குவார். நீங்கள் விளையாட ஆசைப்பட்டு, விளையாட முடியாத ஏக்கத்தைப் பெட்டி வாங்கித் தீர்த்துக்கொள்கிறீர்கள். அதற்கு மருந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆடத் தொடங்குவது.

இடம் இல்லை என்கிறீர்கள். வீட்டில் கரம் போர்ட் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருக்கும். போட்டிக்கு ஆடும் கரம் போர்டின் தளம் 29 அங்குலச் சதுரம், அதாவது 74 சென்ரிமீற்றர் அளவு. பில் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் முன்னின்று 1990இல் வெளியிட்ட டிபிஏ (DBA) என்ற மேசைப் போர் விளையாட்டு விதித் தொகுப்புக்கு, சின்ன அளவு உருவங்களோடு ஆட 60 சென்ரிமீற்றர் சதுரமே போதும். போர்டின் மேல் ஒரு பச்சைத் துணியை விரித்தால் மைதானம் தயார். சுற்றிவர மரச்சட்டம் இருப்பதால் தாயக்கட்டை கட்டிலுக்கடியில் ஓடிப் போகாது. ஆட்டம் முடிந்ததும் துணியைச் சுருட்டிவிட்டுப் போர்டைச் சுவரில் சாத்திவிடலாம்.

டிபிஏ கி.பி. 1500 வரையான சண்டைகளுக்கு எழுதப்பட்டது. துவக்குக் காலத்துக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் அதன் எலும்புக்கூட்டைக் கடன் வாங்கலாம். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு அட்டைத் தளங்கள்தான். ஒவ்வொன்றும் 4 சென்ரிமீற்றர் அகலம், அதன்மேல் மூன்று ஆட்கள். கணக்குப் பார்த்தால் ஒரு படைக்கு 36 பேர். உங்கள் ஒரே பெட்டியில் ஒரு முழுப்படை இருக்கிறது! உங்கள் முறை வரும்போது ஆறு பக்கத் தாயக்கட்டை ஒன்று போடுவீர்கள். 2 விழுந்தால் இரண்டு அசைவுதான். சேர்ந்து நிற்கும் வரிசை ஒன்று நகர்ந்தால் அது ஓர் அசைவு. தனியாகப் பிரிந்து நிற்கும் தளம் நகர்ந்தாலும் அது ஓர் அசைவு. இங்கேதான் ஆட்டத்தின் ருசி. வரிசையைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும்வரை படை சொன்னபடி கேட்கும். சிதறிவிட்டதென்றால், வலப்பக்கம் உடைவதைப் பார்த்துக்கொண்டே இடப்பக்கத்தை மட்டும் நகர்த்த வேண்டிய கொடுமை வரும். இரண்டு தளங்கள் மோதும்போது ஆளுக்கு ஒரு கட்டை போட்டு, அவரவர் பலத்துக்குரிய எண்ணைக் கூட்டுங்கள். குறைந்தவர் பின்வாங்க வேண்டும். எதிரியின் எண் இரண்டு மடங்கானால் அந்தத் தளம் ஆட்டத்தைவிட்டே போய்விடும். ஒரு மணித்தியாலத்தில் முடிவு தெரியும்.

எந்தச் சண்டையை ஆடுவது? நெப்போலியனைத் தேடி வாட்டர்லூவுக்குப் போகாமல், நீங்கள் தினமும் பஸ்ஸில் கடக்கும் ஊரையே எடுங்கள் என்பேன். அவர் காலத்துக் கொழும்பு உதவாது. 1796 பெப்ரவரியில் ஆங்கிலேயர் வந்தபோது ஒல்லாந்தர் கோட்டையைச் சண்டை இல்லாமலே ஒப்படைத்துவிட்டார்கள், அதில் ஆட ஒன்றுமில்லை. அதற்கு 140 வருடம் முந்திய முற்றுகை வேறு ரகம். 1655 ஒக்டோபர் முதல் 1656 மே வரை போர்த்துக்கேயர் மதிலுக்குள்ளே பட்டினி கிடக்க, வெளியே ஒல்லாந்தர். அவர்களுக்குத் துணையாகக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன். ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹல்ப்ட் 1656 ஏப்ரலில் குண்டுபட்டு இறந்தார். புதுக்கடையில் வழக்குக்காக அலைகிறவர்களில் எத்தனை பேருக்கு, ஹல்ஸ்டொப் என்ற அந்த இடத்தின் மற்றப் பெயர் இந்த மனிதருடையது என்று தெரியுமோ! மே மாதம் கோட்டை விழுந்ததும் ஒல்லாந்தர் அதை அரசனுக்குக் கொடுக்காமல் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களவர் இன்றும் சொல்வது இதைத்தான்.

ஏழு மாத முற்றுகையை மேசையில் ஆடினால் கொட்டாவிதான் வரும். ஒரே ஒரு நாளை எடுங்கள். 1655 நவம்பரில் ஒல்லாந்தர் ஏணி வைத்து மதிலேறப் போய், பெரும் இழப்போடு திரும்பினார்கள். அந்த நாள் போதும். போர்டின் ஒரு விளிம்பில் ரிஜிபோம் துண்டை வெட்டி மதிலாக நிறுத்துங்கள். ஒரு மூலையில் நீலத் துணி போட்டால் பேரை வாவி. அன்றைக்கு அது இன்றையதைவிடப் பெரிது, கோட்டைக்குக் காவலே அந்தத் தண்ணீர்தான். தாக்குபவருக்குப் பன்னிரண்டு தளம், அதில் மூன்று ஏணிக்காரர். காப்பவருக்கு ஏழு தளம், மதிலில் நிற்பவருக்குக் கூட்டலில் இரண்டு அதிகம். பத்து முறைக்குள் ஒரு கொத்தளத்தைப் பிடிக்காவிட்டால் ஒல்லாந்தருக்குத் தோல்வி. ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்தால் எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். விதி எழுதுவதே பாதிச் சந்தோஷம்.

1655க்கு நெப்போலியன் காலத் தொப்பி பொருந்தாதே என்பீர்கள். பொருந்தாதுதான். முதல் சில ஆட்டங்களுக்குப் பரவாயில்லை, எந்தச் சரித்திர ஆசிரியரும் உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கப் போவதில்லை. பிறகும் ஆசை இருந்தால், விற்ற நாலு பெட்டிக் காசில் 17ஆம் நூற்றாண்டு ஈட்டிக்காரரும் துவக்குக்காரரும் உள்ள இரண்டு பெட்டி எடுங்கள். அந்தக் காலத்து ஐரோப்பியப் படைகளின் உடுப்பு பெரும்பாலும் ஒன்றுபோலத்தான், நிறத்தை மாற்றினால் இரண்டு பக்கத்துக்கும் உதவும். மிச்ச ஆட்கள் சிலரைப் பின்னர் ஹாட்வெயார் கடை எபொக்சிக் களியால் கண்டிக்காரராக நீங்களே உருமாற்றலாம். அதற்கு முன் தேசிய நூதனசாலையில் கஸ்தானை என்ற பழைய சிங்கள வாள்களை ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள்.

கூட்டாளி விஷயம். ‘போர் விளையாட்டு ஆட வாறியா?’ என்று கேட்டால் யாரும் வர மாட்டார்கள். மச்சான் வரும் ஞாயிறு பின்னேரம், ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திப் போர்டில் அப்படியே விட்டுவையுங்கள். யார் வெல்கிறார்கள் என்று அவரே கேட்பார். இரண்டு படையும் உங்களிடமே இருக்க வேண்டும். தன் படையைத் தூக்கிக்கொண்டு வரும் எதிரி இங்கே கிடைப்பது அரிது. மச்சான் வராத வாரம் காப்பவர் பக்கத்தைத் தாயக்கட்டையிடம் ஒப்படைத்துத் தனியாக ஆடலாம்.

பூசுவதைப் பற்றிச் சுருக்கமாக. இந்தப் பெட்டிகளில் வருவது வளையும் பிளாஸ்டிக், பெயின்ட் உரிந்துவிடும். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிக் காயவிடுங்கள். தச்சர்கள் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு. அதன்மேல் அக்ரிலிக். ஸ்பிரே வேண்டாம், வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரத்தில் அது பூத்துப்போய் வெண்மையாகப் படியும். ஒருவனை முழுதாக முடிக்கப் பார்க்காமல், ஒன்பது பேரை வரிசையாகப் பலகையில் நிறுத்தி, எல்லாருக்கும் கோட், பிறகு எல்லாருக்கும் காற்சட்டை, பிறகு தோல் என்று போங்கள். கடைசியில் தண்ணீராகக் கரைத்த கறுத்த மண்ணிறத்தை மேலால் ஓடவிட்டால் மடிப்புகளில் அதுவாகத் தேங்கி நிழல் விழுத்தும். கண் வரையாதீர்கள். முகமே அரிசி மணியில் பாதிதான். மேசையில் இரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்குக் கண் தெரியாது, நீங்கள் வரைந்தால் மட்டும் முழி பிதுங்கித் தெரியும்.

அம்மப்பாவின் குதிரைவீரர்களுக்குக் கை வைக்காதீர்கள். பழைய பெயின்ட் எவ்வளவு உரிந்திருந்தாலும் அதுதான் அவற்றின் பெறுமதி. மேலே புதிதாக அடித்தால் சேகரிப்பவர் ஒருவரும் தொட மாட்டார். லண்டன் பிரிட்டன்ஸ் கம்பனி 1893 முதல் உள்ளே வெறுமையான ஈய உருவங்களை வார்த்தது, 1966இல் ஈயத்தை நிறுத்தியது. உங்களுடையது அந்த வகையா என்று அறிய அடிப்பாகத்தில் அல்லது குதிரையின் வயிற்றின் கீழ் எழுத்து இருக்கிறதா பாருங்கள். சாம்பல் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது ஈயம் அரிப்பது. அதை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பறக்கவிடாதீர்கள், தூள் நஞ்சு. புது எம்.டி.எவ். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அலுமாரியிலோ சப்பாத்துப் பெட்டியிலோ வைக்கவும் வேண்டாம், பலகையும் மட்டையும் விடும் அமில ஆவிதான் ஈயத்தைத் தின்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா பைகளோடு, நாலு வயதுக் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எப்போதாவது விலை கேட்பதானால், அடிப்பாகத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மேற்பக்கத்தை மட்டும் பார்த்து விலை சொல்பவரிடம் விற்காதீர்கள்.