பயோ-மேத்ஸ் படித்த பெண்ணுக்கு எந்த மொழி முதலில்?

மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ், இப்போது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. கூடப் படிக்கப்போகிறவர்கள் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ்ஸும் பிளஸ் டூவில் பைத்தானும் முடித்துவிட்டு வருவார்களே என்று கவலைப்படுகிறீர்கள் சார். ஸ்டேட் போர்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள் அப்படித்தான் வருவார்கள். ஆனால் நான் பார்த்தவரை பலரும் ரெக்கார்டு நோட்டை மனப்பாடம் செய்து பிராக்டிகலில் இறக்கிவைத்தவர்கள். புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தால் அவர்களும் முழிப்பார்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் சி, ஜாவா, பைத்தான் மூன்றும் இரண்டே மாதத்தில் என்கிறார்களாமே, அதில் பணம் கட்ட வேண்டாம். ஒரு மொழி போதும். என்னைக் கேட்டால் பைத்தான்.

வேலைக்காக அல்ல. சி என்பது 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி யூனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காக உருவாக்கிய மொழி. புரோகிராம் எழுதுகிறவரே மெமரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணை வாங்கும் வரியில் ஒரு '&' விட்டுப்போனாலும் கம்பைல் ஆகிவிடும் (கணினி மொழிக்கு மாறிவிடும்), ஓடும்போது பாதியில் செத்துவிழலாம். ஏன் என்று முதல் வாரத்தில் யாருக்குப் புரியும்? பைத்தான் பெரும்பாலும் எந்த வரியில் நின்றது என்றாவது சொல்லும்.

அதற்காகப் பைத்தானில் மண்டை காயாது என்றில்லை. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொல்லுங்கள். 5, 3 என்று கொடுத்தால் 53 என்று வரும்! தட்டுவதை அது எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது. எண்ணாக மாற்றினால்தான் 8. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், நீங்கள் போட்டு உடைத்துவிடாதீர்கள்.

கல்லூரியில் சி-யில் தொடங்கினால்? தொடங்கட்டும். கண்டிஷன் (இப்படியென்றால் இதைச் செய்), லூப் (திரும்பத் திரும்பச் செய்), ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான தனித் துண்டு) கைவந்திருந்தால் பாதி பாரம் குறைந்த மாதிரி. மெமரி முகவரியை வைத்து வேலை செய்யும் பாயிண்டர் வரும்போது கொஞ்சம் அழுவாள், எல்லோரும் அழுததுதான். ஜாவா அப்புறம்.

பைத்தான் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். மளிகைக் கடை வைத்திருக்கிறீர்கள் என்பதால் ஒரு யோசனை. மாதக் கடைசியில் கடைக்கு பில் போடும் புரோகிராம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: பொருள், எடை, விலை, 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் தள்ளுபடி. எடையை முழு எண்ணாக மாற்றியிருந்தால் 0.25-ஐ அது ஏற்காது, கால் கிலோ துவரம்பருப்பில் முதலில் இடிக்கும். திருத்தியதும் ஒருநாள் கல்லாவில் அவளே உட்கார்ந்து அதில் பில் போடட்டும். ராத்திரி உங்கள் சிட்டைக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.