லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பினால்?

கேள்வி: வயலைப் படமெடுத்து ட்ரோனை இறக்கியதும் பேட்டரியைச் சார்ஜில் போடுவேன். 3எஸ் (மூன்று செல் தொடராக), 2200 எம்ஏஎச். இப்போது உப்பிவிட்டது. இன்னும் ஓட்டலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். உள்ளே மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. ஊசியால் குத்திவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

புது பேட்டரியை, பறந்து இறங்கிய சூடு நன்றாக ஆறவிட்டே சார்ஜரில் மாட்டுங்கள். சார்ஜரில் லிப்போ, 3எஸ், பேலன்ஸ் (எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் முறை), 2.2 ஆம்பியர் என்று வையுங்கள். சின்ன வெள்ளை பேலன்ஸ் பிளக்கை மாட்டப் பலர் சோம்பல்படுகிறார்கள். அது இல்லாவிட்டால் மொத்தம் 12.6 வோல்ட் சரியாகக் காட்டும்போதே ஒரு செல் மட்டும் 4.2 வோல்ட்டைத் தாண்டியிருக்கலாம், வினையே அங்கேதான். சிமென்ட் தரையில், வைக்கோல் போருக்கு எட்டத்தில், பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணலோடு சார்ஜ் செய்யுங்கள். விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். ஐப்பசி மழையில் பறக்காத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். முழு சார்ஜில் சும்மா கிடந்தாலும் உப்பும்.