ஆஃபர் குடுத்தாச்சு, ஆள் போன் எடுக்கல! - வேலை கேள்வி பதில்

கேள்வி: பி.காம் முடிச்சிட்டு சென்னைல கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் குடுக்கற ஒரு கன்சல்டன்சில ரெக்ரூட்டரா இருக்கேன் மேடம். போன மாசம் ஆஃபர் வாங்கின மூணு பேர் ஜாயின் பண்ற அன்னிக்கு போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டாங்க. டீம் லீட் எல்லார் முன்னாடியும் வச்சு திட்டறார். இந்த வேலைக்கு வேண்டிய மனசு நமக்கு இல்லையோன்னு தோணுது. அதை வளர்த்துக்க முடியுமா?
- பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: முடியும் தம்பி. ஆனா முதல்ல ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் கசக்கும். போனை ஆஃப் பண்ணவன் உங்களை ஏமாத்தணும்னு பண்ணல, அந்த நேரத்துல உங்களைப் பத்தி அவன் நினைச்சே இருக்க மாட்டான். ஐடில பெரிய கம்பெனின்னா நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 90 நாள், அந்த மூணு மாசத்துல ஒரு மனுஷன் வாழ்க்கைல என்னென்ன நடக்கும்னு யோசிங்க, நீங்க வாங்கிக் குடுத்த ஆஃபர் லெட்டரைக் காட்டியே இன்னும் ரெண்டு இடத்துல பேரம் பேசுவான், பழைய மேனேஜர் ரூமுக்குள்ள கூப்பிட்டு சம்பளம் ஏத்தித் தரேன், போகாதேம்பார், நடுவுல ஏப்ரல் அப்ரைசல் வரும், வீட்ல பொண்ணு பார்ப்பாங்க, மாமனார் ஊர் மதுரைன்னா திடீர்னு சென்னையே வேணாம்னு ஆயிடும். இது எதுவுமே உங்க கைல இல்ல. இதை எல்லாம் முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கறது மட்டும்தான் உங்க கைல இருக்கு.

நிறைய பேர் செலக்ட் ஆனதும் மெயில் ஃபார்வர்ட் பண்ணிட்டு, ஷீட்ல பச்சை கலர் அடிச்சிட்டு அடுத்த ரிக்வயர்மென்டுக்கு ஓடிடறாங்க. கன்சல்டன்சிக்கு காசு எப்படி வருதுன்னு பார்த்தா தெரியும். பரவலா வாங்கறது வருஷ சம்பளத்துல 8.33 சதவீதம், அதாவது ஒரு மாசச் சம்பளம். 6 லட்சம் பேக்கேஜ்னா ஏறக்குறைய 50,000 ரூபா. ஆள் ஜாயின் பண்ண அப்புறம்தான் பில்லே போடுவாங்க, 90 நாளைக்குள்ள கிளம்பிட்டார்னா பல கிளையண்டுக்கு இன்னொரு ஆளை சும்மா தேடித் தரணும். அப்ப ஆஃபர் லெட்டர் பாதி வழிதான். அதை முடிவுன்னு நினைக்கறதாலதான் ஒவ்வொரு பேக் அவுட்டும் நெஞ்சுல இடிக்குது.

அதனால முதல் கால்லயே சங்கடமான கேள்வியைக் கேட்ருங்க. கைல வேற ஆஃபர் இருக்கா? இப்ப ஏன் மாறணும்னு இருக்கீங்க? உங்க மேனேஜர் இதே சம்பளம் தரேன்னா இருப்பீங்களா? வீட்ல சொல்லிட்டீங்களா, அவங்க என்ன சொல்றாங்க? தாம்பரத்துல இருந்து தினம் அம்பத்தூர் வந்து போவீங்களா? கேட்டா ஓடிடுவாங்களோன்னு பயம் வரும். ஓடற ஆள் இன்னிக்கே ஓடட்டுமே, மூணு மாசம் கழிச்சு ஓடறதுக்கு இது எவ்வளவோ தேவலை. அதே மாதிரி நைட் ஷிஃப்ட், இத்தனை நாள் வேலையை விடக் கூடாதுங்கற பாண்ட், சனிக்கிழமை வேலை, சம்பளத்துல பிக்ஸடு எவ்வளவு வேரியபிள் எவ்வளவு, எல்லாத்தையும் நீங்களே முந்திக்கிட்டு சொல்லிருங்க. ஷிஃப்டை மறைச்சா லைன்அப் (இன்டர்வியூக்கு அனுப்பற ஆள்) நம்பர் ஏறும், ஜாயினிங் ஏறாது.

ஆஃபர் குடுத்த நாள்ல இருந்து வாரம் ஒரு கால். "எப்ப சார் ஜாயின் பண்றீங்க"ன்னு மட்டும் கேட்டா கடன் வசூல் பண்ற மாதிரி இருக்கும். ராஜினாமா மெயில் அனுப்பியாச்சா, அக்செப்ட் ஆயிடுச்சா, ரிலீவிங் தேதி என்ன, இப்படி வேலையா கேளுங்க. ரெண்டு வாரம் ஆகியும் பேப்பர் போடலைன்னா அவர் வரப் போறதில்லைன்னு வச்சுக்கிட்டு அன்னிக்கே பேக்கப் ஆளைத் தேடுங்க. ஆடி மாசத்துல ஜாயினிங் தேதி போட்டா கேலண்டரை அவங்க கைல குடுத்து ஒரு தடவை கேட்டுருங்க, ஆவணி பிறக்கட்டும்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க (அஷ்டமி, நவமியும் சேர்த்துதான்). இதைக் கிண்டல் பண்ற ரெக்ரூட்டருக்குத்தான் கடைசி நேரத்துல வயித்து வலி மெசேஜ் வரும்.

டீம் லீட் விஷயம். அவருக்கும் மேல இருந்து டார்கெட் போடறாங்க, அதுக்காக கூட்டத்துல வச்சு திட்டறது நியாயம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க ஒரு நோட்டு போடுங்க. எத்தனை பேர்கிட்ட பேசினேன், எத்தனை லைன்அப், இன்டர்வியூக்கு எத்தனை பேர் வந்தாங்க, வராதவங்க என்ன காரணம் சொன்னாங்கன்னு எழுதி வைங்க. ரெண்டு மாசத்துல எந்த இடத்துல ஒழுகுதுன்னு உங்களுக்கே தெரியும், அவர் கத்தும்போது காட்டவும் கைல ஒண்ணு இருக்கும்.

கேள்வி: நான் அதிகம் பேச மாட்டேன். ரெக்ரூட்டர்னா வாய் ஓயாம பேசணும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. எனக்கு செட் ஆகுமா அக்கா?
- வாசகி, மதுரை

பதில்: செட் ஆகும்மா. நிறைய பேசற ரெக்ரூட்டர் கேண்டிடேட்டை பேசவே விட மாட்டாங்க, ஆள் தயங்கி இழுக்கறதுலதான் விஷயமே இருக்கும். ஆனா ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது பேருக்கு முன்பின் தெரியாம போன் போடணும், பாதிப் பேர் "யாருங்க நம்பர் குடுத்தது"ன்னு எரிஞ்சு விழுவாங்க. அது ஓகேன்னா வாங்க.

கேள்வி: ஓசூர்ல ஃப்ரீலான்ஸா ஆள் எடுத்துக் குடுக்கறேன். ஒரு கிளையண்ட் கல்யாணம் ஆகாத பொண்ணுங்க மட்டும் போதும்ங்கறார், ஆம்பளைங்களுக்கு அந்த கண்டிஷன் இல்ல. இன்னொருத்தர், கல்ஃபுக்கு ஆள் அனுப்பலாம் வா, தலைக்கு ஒரு லட்சம் வாங்கலாம்ங்கறார். பொழப்பைப் பார்க்கறதா, நியாயம் பேசறதா?
- வாசகர், ஓசூர்

பதில்: பொழப்பையே பாருங்க சார், அதுக்கும் இது ரெண்டும் ஆகாது. ஆள் எடுக்கறதுல பெண்ணுங்கற காரணத்துக்காக பாகுபாடு கூடாதுன்னு 1976 சம ஊதியச் சட்டத்துலயே இருந்தது, 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் பாலினப் பாகுபாடு கூடாதுன்னு இருக்கு. கிளையண்ட்கிட்ட சட்டம் பேசி சண்டை போட வேணாம், "அந்த வரியைப் போட்டு நான் விளம்பரம் பண்ண முடியாது சார், ஷிஃப்ட்டுக்கு வர முடியுமான்னு எல்லார்கிட்டயும் கேட்டுத் தரேன்"னு சொல்லிப் பாருங்க. அவருக்கு உண்மையிலேயே வேண்டியது பெரும்பாலும் அதுவாதான் இருக்கும்.

கல்ஃப் விஷயத்துல மட்டும் யோசிக்கவே வேணாம். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பண்ண ஏஜென்ட் மட்டும்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்துக் குடுக்கலாம், அவரே வேலைக்குப் போறவர்கிட்ட வாங்கற சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டக் கூடாது. தலைக்கு ஒரு லட்சம்ங்கறவர்கிட்ட லைசென்ஸ் நம்பரைக் கேளுங்க, மத்திய அரசோட இ-மைக்ரேட் சைட்ல போட்டுப் பாருங்க. போலீஸ் வந்தா அவர் ஊர்ல இருக்க மாட்டார், உங்க நம்பர்தான் எல்லார் போன்லயும் இருக்கும்.

கேள்வி: ரிஜெக்ட் ஆனவங்களுக்கு போன் பண்ணி சொல்லணுமா? எங்க ஆபீஸ்ல யாரும் சொல்றதில்ல.
- வாசகி, திருச்சி

பதில்: சொல்லணும். உங்க ஆபீஸ் மட்டும் இல்ல, பாதி ஊர் சொல்றதில்ல, அதனாலயே சொல்ற ஆளை யாரும் மறக்க மாட்டாங்க. இன்னிக்கு ஜாவால தோத்த பையன் ரெண்டு வருஷத்துல டீமுக்கு ஆள் எடுக்கற இடத்துல உட்கார்ந்திருப்பான், அப்ப யாரைக் கூப்பிடுவான்? இன்டர்வியூ வரைக்கும் வந்தவங்களுக்கு போன், ரெஸ்யூமேலயே நின்னவங்களுக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்படியும் புதுசா கால் போட்டா யாரும் எடுக்க மாட்டாங்க, அந்த ஒரு மணி நேரத்தை இதுக்கு வச்சுக்கோங்க. கிளையண்ட் சொன்ன காரணம் சுருக்குனு இருந்தா கொஞ்சம் பதமா சொல்லுங்க, ஆனா "ப்ரொஃபைல் ஹோல்ட்ல இருக்கு"ன்னு மட்டும் பொய் சொல்லாதீங்க, அதை நம்பி வேற வேலையை விட்டவங்க இருக்காங்க.