பிள்ளைகளோடு குதிரைப் பந்தயத்துக்கு: எந்த டிக்கெட் வாங்குவது?

கேள்வி: லண்டனில் நியூ மோல்டனில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. சாண்டவுன், கெம்ப்டன் பந்தயத் திடல்கள் பக்கம் ஏதாவது குடும்ப நாளுக்குக் கூட்டிப்போக ஆசை. பிள்ளைகளுக்கு இலவசமாமே! அப்படியென்றால் பெரியவர்கள் இருவருக்கும் ஆகக் குறைந்த விலை டிக்கெட் போதுமா?

பதில்: இலவசம் என்பது உண்மைதான். பிரிட்டனின் பெரும்பாலான பந்தயத் திடல்களில், பெரியவரோடு வரும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனாலும் இணையத்தில் வாங்கும்போது அவர்களுக்கான இலவசச் சீட்டையும் சேர்த்தே எடுங்கள். வாசலில் கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும். மேசை பதிந்து சாப்பிடும் உணவகங்களில் இந்தச் சலுகை செல்லாது.

மலிவு டிக்கெட்டில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரு நாளில் 6 அல்லது 7 பந்தயங்கள் நடக்கும். 5 ஃபர்லாங், அதாவது ஒரு கிலோமீட்டர் பந்தயம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். 2 மைல் ஓடினாலும் சுமார் நாலு நிமிடம்தான். தடை இல்லாத பந்தயங்கள் ஏழையும் கூட்டினால் குதிரை ஓடுவதைப் பார்ப்பது கால் மணி நேரம்கூட வராது. மிச்ச மூன்றரை மணி நேரமும் இடைவேளை, ஒவ்வொன்றும் 30 முதல் 35 நிமிடம். பிள்ளைகள் சிணுங்கத் தொடங்குவது அங்கேதான். ஆகவே டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அந்த இடைவேளைக்குத்தான் போகிறது.

வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: ஓடப்போகும் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்துக்கு (பரேட் ரிங்) அந்த டிக்கெட்டில் போகமுடியுமா? உதாரணமாக, யார்க் திடலில் மலிவு டிக்கெட்டுக்குரிய கிளாக்டவர் பகுதி ஓடுபாதைக்கு உட்புறம் இருக்கிறது. புல்வெளியும் உண்டு, சாப்பாடும் கட்டிக்கொண்டு போகலாம். பரேட் ரிங் மறுபக்கம். ராயல் ஆஸ்கட் பந்தயத்தின் விண்ட்சர் பகுதி டிக்கெட்டிலும் பரேட் ரிங்குக்குப் போகமுடியாது. உங்கள் 4 வயதுப் பிள்ளைக்குப் புல்வெளியே போதும். 9 வயதுப் பிள்ளை குதிரையைக் கிட்டத்தில் பார்க்காவிட்டால் மூன்றாவது பந்தயத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரிக்கும். சில பவுண்டு கூடினாலும் பரேட் ரிங் உள்ள டிக்கெட்டே நல்லது.

அரை மணி நேரத்தை இப்படிச் செலவிடலாம். பந்தயத்துக்கு 20 நிமிடம் முன்பே ரிங் வேலியோரம் இடம் பிடியுங்கள். பத்து நிமிடம் இருக்கும்போது ஜாக்கிகள் வந்து ஏறுவார்கள். குதிரைகள் ஓடுபாதைக்குக் கிளம்பியதும் முடிவுக்கோட்டுக்குப் போகாமல், அதற்கு 200 மீட்டர் முன்னால் வேலியோரம் நில்லுங்கள். அங்கே கூட்டம் குறைவு, குளம்புச் சத்தம் நெஞ்சில் அடிக்கும். முடிந்ததும் வென்ற குதிரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும் இடத்துக்குப் போகலாம். எல்லாப் பந்தயத்துக்கும் இப்படி ஓடவேண்டாம், மூன்றுக்குப் போதும். முகத்தில் வண்ணம் தீட்டுவது, ராட்டினம், குட்டிக் குதிரை எல்லாவற்றையும் முதல் பந்தயத்துக்கு முன்பே முடியுங்கள். பிறகு வரிசை நீண்டுவிடும்.

குதிரை கடக்கும் நடைபாதையில் பிள்ளையின் கையை விடாதீர்கள். குதிரைக்குப் பின்னால் ஓடுவதும், குடையைப் படக்கென்று விரிப்பதும் அதை மிரட்டும்.

கேள்வி: தடை தாண்டும் பந்தயமா, சமதளப் பந்தயமா, முதல் தடவைக்கு எது நல்லது?

பதில்: சமதளம். தடை தாண்டும்போது குதிரை விழுவது அபூர்வமல்ல. காயம் பட்டால் பச்சைத் திரை கட்டி மறைப்பார்கள், உள்ளே என்ன என்று பிள்ளை கேட்கும். பதில் சொல்லும் வயதா என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். புல்தரைச் சமதளப் பந்தயக் காலம் மார்ச் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. பந்தயம் முடிந்து பாட்டுக் கச்சேரி இருக்கும் மாலைகளைத் தவிருங்கள். அன்றைக்குக் குடிதான் கூடுதல்.

கேள்வி: தொப்பி, கோட்டு எல்லாம் வேண்டுமா?

பதில்: குடும்ப நாளில் சாதாரண உடுப்புப் போதும். குதிகால் உயர்ந்த செருப்பு புல்லில் புதையும். புஷ்சேருக்குப் பெரிய சக்கரம் நல்லது.

கேள்வி: 12 வயது மகன் தனக்குப் பிடித்த குதிரைக்கு ஒரு பவுண்டு கட்டவேண்டும் என்கிறான். நான் அவன் பெயரில் கட்டலாமா?

பதில்: கூடாது. 2005 சூதாட்டச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரைப் பணம் கட்டவிடுவது குற்றம். மகன் குதிரையைக் காட்ட நீங்கள் காசு நீட்டினால் பந்தயப் பணம் வாங்கும் புக்கி மறுப்பார், அது சரியும்கூட. பணமில்லாமல் விளையாடலாம்: பந்தயத்துக்கு ஆளுக்கொரு குதிரை, வென்றவருக்கு 3 புள்ளி, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1. நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதென்றால் ஒரு சிக்கல்: ஒரே உரிமையாளரின் இரண்டு குதிரை ஓடினால் ஜாக்கிச் சட்டை ஒரே நிறம்தான், தொப்பி மட்டும் மாறும். சேணத் துணியில் உள்ள எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ரேஸ் கார்டில் (அன்றைய பந்தய விவரக் கையேட்டில்) உள்ள எண்; புறப்படும் கூண்டின் எண் வேறு.

பெரியவர்கள் கட்டுவதானால் 'ஈச் வே' என்றால் ஒரே குதிரைக்கு இரண்டு தடவை பணம் கட்டுவது, ஒன்று அது வெல்ல, மற்றது அது முன்னணி இடங்களுக்குள் வர, என்று நினைவிருக்கட்டும். 2 பவுண்டு ஈச் வேக்கு 4 பவுண்டு போகும். பந்தயத்துக்குப் பிறகு ஜாக்கிகளின் எடை பார்த்து முடிந்ததாக ஒலிபெருக்கியில் சொல்லும்வரை சீட்டைக் கிழிக்கவேண்டாம். விசாரணையில் இடங்கள் மாறுவதுண்டு.

கேள்வி: மழையால் பந்தயம் நின்றுபோனால் டிக்கெட் காசு திரும்புமா?

பதில்: முதல் பந்தயத்துக்கு முன் ரத்தானால் வழக்கமாக முழுப் பணமும் திரும்பும். ஓரிரண்டு ஓடிய பிறகு நின்றால் பாதியோ ஒன்றுமில்லையோ என்பது அந்தத் திடலின் நிபந்தனையைப் பொறுத்தது. வாங்கும் பக்கத்திலேயே படியுங்கள். கோடையிலும் இது நடக்கும். காய்ந்த தரையில் திடீர் மழை பெய்தால் வளைவில் குதிரை வழுக்கும், உடனே நிறுத்திவிடுவார்கள். கெம்ப்டனின் சமதளப் பந்தயங்கள் செயற்கைத் தரையில் ஓடுவதால் அந்தப் பயம் குறைவு.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் போகாவிட்டால் அது வேறு கதை. தேதி குறித்த பொழுதுபோக்கு டிக்கெட்டுக்கு 14 நாள் ரத்து உரிமை கிடையாது. கடனட்டையில் வாங்கினால் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு (அட்டை நிறுவனத்திடமே பணம் கேட்கும் உரிமை) காப்பாற்றும் என்றும் நம்பியிருக்காதீர்கள். அது ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால்தான் செல்லும். தலா 30 பவுண்டில் நாலு டிக்கெட் 120 ஆனாலும் பொருந்தாது. ரத்தான நிகழ்ச்சிக்குப் பணம் தராமல் இழுத்தால் வங்கியிடம் 'சார்ஜ்பேக்' (கட்டிய பணத்தை வங்கி மீட்டுத் தருவது) கேளுங்கள், டெபிட் கார்டுக்கும் அது உண்டு. டிக்கெட்டைத் திடலின் சொந்த இணையதளத்தில் வாங்கியிருந்தால் யாரிடம் கேட்பது என்ற குழப்பமும் இருக்காது.